கை கொடுப்பதற்கும் ஒரு கணக்கு

மருத்துவம் என்பது நான்கு பேர் சேர்ந்து நடத்தும் காரியம் என்பது வள்ளுவர் கட்சி. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றைச் சொல்லிவிட்டு, நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவரைச் சேர்க்கிறார். பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவர் என்று பொருள். பரிமேலழகர் இவருக்கும் நான்கு தகுதிகளை வகுக்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. முதல் மூன்றுக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகளுக்குப் பாசம் போதாதா, படிப்பு வேறு வேண்டுமா என்று நினைக்கிறோம்.

பாசம் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்லும் வியாதி ஒன்று உண்டு. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழக அரசின் திட்டங்களில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். தண்டுவடத்தோடு மூளையும், கண் நரம்பும் இதில் பாதிக்கப்படுகின்றன என்பதால் மொழிபெயர்ப்பு என்ற வகையில் அந்தச் சொல் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. எம்.எஸ். என்றே வைத்துக்கொள்வோம்.

மின்சார வயருக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்பு இழைகளுக்கு மேல் மயலின் என்ற உறை இருக்கிறது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி இந்த உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் தழும்பு விழுகிறது. மூளையின் உத்தரவு காலுக்குப் போய்ச் சேரும் முன் தடுமாறுகிறது. ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், ஒருவருக்குச் சிறுநீர் கட்டுப்பாடு போகும். 1868இல் பாரிஸில் ழான் மார்த்தன் ஷார்க்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது. 2020இல் எடுத்த கணக்கின்படி உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேர்.

இந்தியாவில் இது கிட்டத்தட்ட இல்லாத நோய் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையை அசைத்ததில் மும்பைக்குப் பங்குண்டு. பார்சி சமூகத்தினரிடையே இது சாதாரணமாகவே காணப்படுகிறது என்று நோஷிர் வாடியா போன்ற மும்பை நரம்பியல் நிபுணர்கள் 1980களின் இறுதியிலும் 1990லும் எழுதினார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியது. பக்கவாதம், 'நரம்புத் தளர்ச்சி', ஹிஸ்டீரியா என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்டிருந்த பலருக்கு உண்மைப் பெயர் தெரியவந்தது. மங்களூர் நகரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, லட்சத்துக்கு 8 பேர் என்ற அளவில் கணக்குச் சொன்னது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். இந்த நாட்டின் ஜனத்தொகையால் பெருக்கிப் பார்த்தால் குறைவல்ல.

இதை இளையவர்களின் நோய் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் நோயாளிகளுக்கும் வயதாகிறது. எம்.எஸ். ஆளை உடனே கொல்வதில்லை. ஆயுளில் சராசரியாகச் சில ஆண்டுகளைத்தான் குறைக்கிறது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் 1993இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நோய் கண்டவர்கள் இன்று 60ஐத் தாண்டி நிற்கிறார்கள். 50 வயதுக்கு மேல் முதல் முறையாகப் பிடிபடுபவர்களும் உண்டு.

முதியவருக்கு எம்.எஸ். வந்தால் அல்லது எம்.எஸ். உள்ளவர் முதியவரானால், கணக்கு சிக்கலாகிறது. திடீர்த் தாக்குதல்கள் குறைந்து, நோய் ஓசையில்லாமல் மெல்லத் தேய்க்க ஆரம்பிக்கும். கால் இழுத்தால், "வயசாச்சு இல்லையா?" என்கிறார்கள். மறதி வந்தாலும் அதே பதில்தான். மறுபக்கம், மூத்திரத் தாரையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்து கால் ஓய்ந்துபோனால், எம்.எஸ். முற்றிவிட்டது என்று வீடே அழுகிறது. கிருமிக்கு மருந்து கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடிய விஷயம் அது. எது வயது, எது நோய், எது இடையில் வந்த விருந்தாளி என்று தினமும் பார்க்க ஒரு கண் வேண்டும். டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறார். மீதி நேரமெல்லாம் உழைச்செல்வானுடையது.

இங்கேதான் நர்ஸிங் கோட்பாடு வருகிறது. கோட்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். இலக்கியக் கோட்பாடுகளைப்போல் இது வாசகரை விரட்டாது. பி.எஸ்ஸி. நர்ஸிங் மாணவிகள் ஆரம்பப் பாடங்களிலேயே இதைப் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். பிறகு வார்டுக்குப் போனதும் கூட்டத்தில் தொலைத்துவிடுகிறார்கள்.

கோட்பாடுகளில் எளிமையானதும் எம்.எஸ்.ஸுக்கு ஏற்றதுமான ஒன்றை உருவாக்கியவர் டோரதியா ஓரெம் (1914 - 2007). பால்டிமோரில் பிறந்த அமெரிக்க நர்ஸ். 1950களின் இறுதியில் வாஷிங்டனில் நர்ஸ்களுக்கான பாடத்திட்ட வேலையில் இருந்தபோது ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது: ஒரு மனிதருக்கு நர்ஸ் எப்போது தேவைப்படுகிறார்? நோய் வந்தபோது என்பது பதிலல்ல. நோய் இருந்தும் தன்னைத் தானே பார்த்துக்கொள்பவர்கள் ஏராளம். தன் உடம்புக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் சக்தி, தேவைக்குப் போதாமல் போகும்போதுதான் நர்ஸ் தேவை என்பது அவர் கண்ட பதில். 1971இல் நூலாக வந்தது.

இதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'சுயபராமரிப்புக் குறைபாடு' என்று எழுதினால், நோயாளிக்கு மெமோ கொடுத்ததுபோல் இருக்கிறது. அதே ஆங்கிலச் சொல்லை பட்ஜெட் செய்திகளில் நாம் 'பற்றாக்குறை' என்கிறோம். அதுதான் சரி. வரவுக்கும் செலவுக்கும் இடையே எவ்வளவு துண்டு விழுகிறது என்று பார்ப்பதுபோல், தேவைக்கும் இயலுமைக்கும் இடையே எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. அந்தத் துண்டை மட்டும் நிரப்புவது. அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம்.

தேவைகளை ஓரெம் எட்டாக அடுக்குகிறார்: காற்று, தண்ணீர், உணவு, கழிவு, உழைப்பும் ஓய்வும், தனிமையும் பழக்கமும், ஆபத்திலிருந்து காப்பு, மற்றவர்களைப்போல் இயல்பாக இருக்கும் ஆசை. ஒவ்வொன்றுக்கும் நேரே நோயாளியால் முழுதாக முடியுமா, பாதி முடியுமா, முடியவே முடியாதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடியவே முடியாதென்றால் முழுவதையும் அடுத்தவர் செய்வது. பாதி முடியுமென்றால் பங்கு போட்டுக்கொள்வது. முடியும், ஆனால் தெரியவில்லை அல்லது தைரியமில்லை என்றால் சொல்லிக்கொடுத்துப் பக்கத்தில் நிற்பது. ஒரே ஆளுக்குச் சாப்பாட்டில் மூன்றாவது வகை, குளியலில் இரண்டாவது, கழிவறையில் முதலாவது என்று இருக்கலாம். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்றாகவும் மாறலாம்.

மும்பைத் தமிழர் வாழும் மூன்று வீடுகளில் இதைப் பொருத்திப் பார்ப்போம். இந்த வீடுகளுக்கு முகவரி கிடையாது. பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்துக் கட்டியவை.

முதல் வீடு மாட்டுங்காவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. மாமிக்கு 66 வயது. 34 வயதில் ஆரம்பித்த எம்.எஸ். மாமாவுக்கு 72. காய்கறிக்காரருக்குக் கயிற்றில் கூடை இறக்குவது முதல் மாமிக்குத் தலை பின்னுவதுவரை எல்லாம் மாமாதான். காபியை ஆற்றி அவரே மாமி வாயில் வைக்கிறார். மாமியின் கை நடுங்கும், கொட்டிவிடுவாள், சுட்டுக்கொள்வாள் என்ற பயம். அக்கம்பக்கத்தில் மாமாவை ராமர் என்கிறார்கள். மாமி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

ஓரெமின் அட்டவணையை இங்கே விரித்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்: மாமியின் கை நடுங்குகிறது, ஆனால் பிடி இருக்கிறது. காலையில் நன்றாகவே இருக்கிறது. பாதியளவு ஊற்றிய, மிதமான சூட்டில் உள்ள காபியை, கைப்பிடி வைத்த கனமான கோப்பையில் மூடியோடு கொடுத்து, முழங்கையை மேஜைமேல் ஊன்றிக்கொள்ளச் சொன்னால் தானே குடிக்க முடியும். டபராவும் டம்ளரும் இருக்கட்டும், விருந்தாளிகளுக்கு. குளிக்கும்போது முதுகையும் காலையும் மாமா தேய்க்கலாம், முகமும் மார்பும் மாமியின் பங்கு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் சுவரில் கம்பி ஒன்றும் போதும். படிகள் மட்டும் இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கை உபயோகிக்காமல் விட்டால் நோய் எடுத்துக்கொள்ளாத சக்தியும் போய்விடும். மாமாவின் அன்பு, எம்.எஸ். செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தானே செய்துகொண்டிருக்கிறது. இன்னொரு விஷயமும் அட்டவணையில் வரும். உழைச்செல்வானின் சக்தியையும் அளக்கச் சொல்கிறார் ஓரெம். 72 வயதில் மனைவியைத் தூக்கி உட்காரவைக்கும் மாமாவின் முதுகும் ரத்த அழுத்தமும் யார் கணக்கில் வருகின்றன? அவர் ஒருநாள் விழுந்தால் அந்த மாடியில் இரண்டு நோயாளிகள்.

இரண்டாவது வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலி, மேலே ஏணி வைத்த மாளா, அதற்கு மேல் பத்ரா கூரை. இட்லி வியாபாரம். விடிவதற்கு முன் அடுப்பு ஏறிவிடும். மகன் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். அம்மாவுக்கு 61. நடை தடுமாறிப் பல வருடம் ஆகி, சமீபத்தில்தான் ஸ்கேனில் நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. மருமகளின் குறை இது: "ராத்திரி பத்து மணிக்கு நல்லாத்தான் நடந்தாங்க. காலையில அடுப்புப் பக்கம் வந்தா கால் வரலங்காங்க. தண்ணி ஊத்திக்கிட்டு வந்தா திரும்பச் சரியாயிருது. இது என்ன வியாதி?"

அது நடிப்பல்ல. நோயின் குணமே அதுதான். உடம்பில் சூடு ஏறினால் உறை இழந்த நரம்புகளில் செய்தி ஓட்டம் இன்னும் தடைபடும், சூடு தணிந்தால் திரும்பும். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தோஃப் 1890இலேயே இதைக் குறித்துவைத்தார். ஸ்கேன் இல்லாத காலத்தில் சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். தாராவியில் தொட்டி தேவையில்லை. இட்லிக் கொப்பரையின் ஆவியும் மே மாதப் பத்ராவும் போதும். நல்ல வேளையாக, இந்தத் தளர்ச்சி தற்காலிகமானது. புதிய சேதம் எதுவும் இதனால் ஏற்படுவதில்லை. ஆனால் ஏணியில் நிற்கும்போது அது வந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

இங்கே பயன்படுபவர் மைரா லெவின் என்ற சிகாகோ நர்ஸ் (1920 - 1996). நர்ஸின் வேலை நான்கு விஷயங்களைச் சேதாரமின்றிக் காப்பது என்று 1967இல் எழுதினார்: நோயாளியின் சக்தி, உடற்கட்டு, சுயமரியாதை, சமூக உறவுகள். அவர் சக்தியை முதலில் வைத்தது எம்.எஸ்.ஸுக்காகவே என்று தோன்றும். இந்த நோயின் பெரிய உபத்திரவம் களைப்பு. வேலை செய்து வரும் களைப்பல்ல. தூங்கி எழுந்த பிறகும், ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் உடம்பு முழுவதும் கிடக்கும் களைப்பு. வெளியே தெரியாது என்பதால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சக்தியைக் காப்பது என்றால் பாயில் படுக்கவைப்பது அல்ல. முதல் தேதி வாங்கிய சம்பளத்தை மாதக் கடைசிவரை இழுப்பதுபோல் பார்த்துச் செலவு செய்வது. தாராவி அம்மாவின் நாளை அப்படி மாற்றிப் போடலாம். ஆவி பிடிக்கும் வேலை மருமகளுக்கு. வாசல் பக்கம் காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து சட்னிப் பொட்டலம் கட்டுவது, காசு எண்ணுவது அம்மாவுக்கு. கழுத்தில் ஈரத்துண்டு. வெந்நீர்க் குளியல் வேண்டாம். மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கை, களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன். மாளாவுக்கு இனி ஏறுவதில்லை. சக்தியும் காசும் ஒரே சமயத்தில் மிச்சம். "நான் இன்னும் சம்பாதிக்கிறேன்" என்ற மரியாதையும் மிச்சம். அதுவும் லெவினின் பட்டியலில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கோட்பாட்டால் சுலபமாகத் தீர்க்க முடியாது. பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். எம்.எஸ். உள்ளவருக்கு அவசரம் வந்தால் நிற்காது. ஆகவே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். விளைவு மலச்சிக்கல், மூத்திரத் தொற்று, காய்ச்சல், காய்ச்சலின் சூட்டில் கால் ஓய்வு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஆரம்பித்து ஆஸ்பத்திரிவரை போகும் சங்கிலி இது. திரை மறைவில் ஒரு கமோடு நாற்காலி, குறித்த நேரத்துக்குக் குறித்த அளவு தண்ணீர், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கழிக்கும் பழக்கம் என்று ஒரு நர்ஸ் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும். வீட்டில் எட்டுப் பேர் இருக்கும்போது திரைக்கு எங்கே போவது என்றால், ஓரெமின் எட்டில் 'தனிமை' ஏன் ஒரு தேவையாக இடம்பெற்றது என்பது அப்போது புரியும்.

மூன்றாவது வீடு செம்பூரில், வசதியான ஹவுசிங் சொசைட்டி. லிஃப்ட் உண்டு, பியூரோ மூலம் வந்த 12 மணி நேர ஆயா உண்டு. நோயாளி 68 வயதுக்காரர், ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலி வந்து நான்கு ஆண்டு. முன்பு சொசைட்டியின் பொருளாளர். கட்டடத்தில் பாதிப் பேரின் வருமான வரிக் கணக்கை எழுதிக்கொடுத்தவர். ஆடிக் கிருத்திகைக்குச் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையும் ஏறியவர். இப்போது செக் புத்தகம் மகனிடம், போன் மருமகளிடம், ரிமோட் ஆயாவிடம். உடம்பு சுத்தமாக இருக்கிறது, படுக்கைப் புண் இல்லை, மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். மறதி நோய் என்று குடும்பம் முடிவு கட்டிவிட்டது.

எம்.எஸ்.ஸில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நினைவிலும் யோசிக்கும் வேகத்திலும் ஏதோ ஒரு மாற்றம் வருகிறது. மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். எனவே டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். கூடவே சிஸ்டர் கலிஸ்டா ராயையும் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலீஸில் மாணவியாக இருந்தபோது 1964இல் யோசிக்க ஆரம்பித்து 1970இல் வெளியிட்ட கோட்பாடு அவருடையது. மாறிய நிலைமைக்கு மனிதர் தன்னை நான்கு வழிகளில் பொருத்திக்கொள்கிறார் என்கிறார் ராய்: உடம்பு, தன்னைப் பற்றிய எண்ணம், வகிக்கும் பாத்திரம், மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல். செம்பூர் வீட்டில் முதலாவதற்கு நூற்றுக்கு நூறு மார்க். மற்ற மூன்றிலும் பூஜ்யம். அவருக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள், அவரிடமிருந்து யாரும் எதுவும் வாங்குவதில்லை.

சிகிச்சை விலை அதிகமில்லை. சொசைட்டி கணக்கைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, காலை பத்து மணிக்கு, மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில், சரிபார்க்கச் சொல்லலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பதில் வர நேரமாகும், காத்திருக்க வேண்டும். பேரனுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். ஆயாவுக்கும் ஒரு வார்த்தை: "சட்டை நீலமா, வெள்ளையா?" என்று அவரைக் கேட்டுவிட்டு மாட்டு. உடம்பு முழுவதும் பிறர் கைக்குப் போன பிறகும் முடிவெடுப்பது அவருடையதாக இருக்க முடியும்.

இதெல்லாம் பலன் தருமா, புத்தகத்தோடு சரியா என்று வாசகர்கள் கேட்கலாம். ஓரெமின் முறையில் எம்.எஸ். நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஈரானிலிருந்து அதிகம் வந்திருக்கின்றன. 2016இல் வெளியான ஒன்றில் பயிற்சி பெற்றவர்களின் களைப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது. சில டஜன் பேரை வைத்துக் குறுகிய காலம் நடந்த ஆய்வு. முதியவர்களுக்கென்று தனியாகச் செய்ததல்ல. ஆகவே குதிக்க வேண்டாம். கோட்பாடு நரம்பைச் சரிசெய்யாது, மருந்துக்குப் பதிலும் ஆகாது. இருக்கும் சக்தியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். 65 வயதில் அது சின்ன விஷயமல்ல.

ஆட்சேபங்களும் உண்டு. 'தன்னைத் தானே' என்பது அமெரிக்கத் தனிமனித வாதம், நம் கூட்டுக் குடும்பத்துக்கு ஒத்துவராது என்பது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்சேபத்தைப் படுக்கையில் இருப்பவர் சொல்லிக் கேட்பது அரிது. பார்த்துக்கொள்பவர்தான் சொல்கிறார். மாட்டுங்கா மாமிக்குத் தன் கையால் காபி குடிக்க ஆசை இருப்பதற்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கோட்பாட்டைக் கத்தியாகவும் பயன்படுத்தலாம். "உன்னால் முடியும், நீயே செய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட அது ஒரு சாக்கு. ஆள் பற்றாத மருத்துவமனைக்கும் செலவைச் சுருக்கப் பார்க்கும் அரசுக்கும் வேலைக்கு ஓடும் மருமகனுக்கும் அது வசதி. அதனால்தான் அளவு இரு பக்கமும் வெட்ட வேண்டும். முடியாதவரைச் செய்யவிடுவதும் முடிந்தவருக்குச் செய்துவிடுவதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள். தானே திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பித்தான் ஆக வேண்டும், நள்ளிரவிலும். விழுங்கத் தடுமாறுபவரை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். அங்கே சுயமுயற்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது கொடுமை. நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது என்பதால் அளப்பதை நிறுத்தவும் முடியாது.

நம் தமிழில் நர்ஸுக்கு வைத்திருக்கும் செவிலி என்ற சொல் அகப்பாடல்களிலிருந்து வந்தது. தலைவியை எடுத்து வளர்த்தவள் செவிலித்தாய். பெண் தன் காதலனோடு உடன்போக்குப் போய்விட்ட பிறகு செவிலி புலம்பும் பாடல்கள் சங்க இலக்கியத்தில் நிறைய. வீட்டுக்குள் நடந்தே சோர்ந்துபோகும் என் குழந்தை பாலை வழியை எப்படிக் கடந்தாள் என்பதுதான் புலம்பலின் சாரம். பெண்ணோ கடந்து போயேவிட்டாள். அன்பு மிகுந்தவர்களின் அளவுகோல் பெரும்பாலும் பழையதாக இருக்கிறது. அது செவிலியின் குற்றமல்ல. யாராவது புது அளவைச் சொல்லித் தர வேண்டும்.

யார் சொல்லித் தருவது? நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கூட்டம் வழிகிறது. ஒரு நர்ஸ் எத்தனை கட்டில்களுக்கு அட்டவணை எழுதுவார்? நோயாளிக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை உறவினர்கள்தான் செய்கிறார்கள், வார்டிலேயே. அப்படியானால் கோட்பாடு போய்ச் சேர வேண்டியது அவர்களிடம். மும்பையில் 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சங்கம் இதற்கு ஒரு வழி. அதைத் தொடங்கிய ரெஹ்மத் ஃபஸல்பாய் தாமே இந்த நோயுடன் வாழ்ந்தவர். பல நகரங்களில் இன்று கிளைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரித்த 21 வகைகளில் எம்.எஸ்.ஸையும் சேர்த்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. பாதிப்பு 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் பெற்றவர்கள் சட்டம் தரும் முக்கியச் சலுகைகளைக் கேட்கலாம். வயதானவர்களுக்கு எதற்குச் சான்றிதழ் என்று பல வீடுகளில் அதை வாங்குவதே இல்லை.

சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சமாஜங்களும் சபாக்களும் இருக்கின்றன. கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் தரும் மேடையை ஆண்டுக்கு இரண்டு மாலை ஒரு நர்ஸுக்குத் தரலாம். இந்த நகரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழும் மலையாளமும் பேசும் நர்ஸ்களுக்குக் குறைவில்லை. தூக்காமல் எப்படி எழுப்புவது, கமோடு நாற்காலியை எங்கே வைப்பது, காய்ச்சல் வந்தால் முதலில் எதைச் சோதிக்கச் சொல்வது என்று இரண்டு மணி நேரம் செய்து காட்டினால் போதும். எம்.எஸ். வீடுகள் சிலவே இருக்கலாம். பக்கவாதமும் பார்க்கின்சனும் உள்ள வீடுகள் எல்லா மாடியிலும் உண்டு. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அதுவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும் நாளில், பில் கட்டும் அவசரத்துக்கு நடுவே, வார்டு நர்ஸிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இவர் தானே செய்துகொள்ளக்கூடியவை எவை? நாங்கள் பாதி செய்ய வேண்டியவை எவை? முழுவதும் செய்ய வேண்டியவை எவை? கேள்வி நர்ஸுக்குப் புதிதாக இருக்காது. அவர் படித்துப் பாஸ் செய்த பாடம்தான். ஆஸ்பத்திரியில் அவரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.